பிளஸ் 2 முடிவதற்குள் கேட்டுவிட வேண்டிய கேள்விகள்: மேற்படிப்பு பற்றித் தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுப்பவன் என்பதால் மேற்படிப்பு பற்றிய கேள்விகள் ஆண்டு முழுவதும் என்னிடம் வருகின்றன. பெரும்பாலானவை மே மாதம், தேர்வு முடிவு வந்த பிறகு வருகின்றன. அவற்றில் பாதிக்கு அந்த நேரத்தில் என்னால் பயனுள்ள பதில் சொல்ல முடிவதில்லை. மதிப்பெண் போதாமல் கைநழுவும் வாய்ப்பைத் தாங்கிக்கொள்ளலாம். கடைசித் தேதி தெரியாமலும், ஒரு சான்றிதழ் கையில் இல்லாமலும் நல்ல பிள்ளைகள் வாய்ப்பை இழப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். தேதிகளும் கட்டணங்களும் வருமான வரம்புகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மேற்படிப்புக்கு எப்போது திட்டமிடத் தொடங்க வேண்டும்? மதிப்பெண் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

மாநில அரசு நடத்தும் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கைக்கு மட்டும்தான் அப்படிக் காத்திருக்கலாம். அகில இந்திய அளவிலான பல தேர்வுகளின் விண்ணப்பங்கள் பிளஸ் 2 பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. என்.ஐ.டி. போன்ற மத்தியப் பொறியியல் நிறுவனங்களுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது. முதல் தேர்வுக்கு முந்தைய நவம்பரிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வே டிசம்பரில் முடிந்துவிடும். ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட் விண்ணப்பமும் பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். மருத்துவத்துக்கான நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் ஆகிய தேர்வுகளின் விண்ணப்பங்களும் பிள்ளைகள் செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று மூழ்கியிருக்கும் காலத்தில்தான் வந்து போகின்றன.

ஆகவே பிளஸ் 1 கோடை விடுமுறையில் குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். எந்தத் துறை என்று அன்றைக்கே முடிவெடுக்க வேண்டியதில்லை. எந்தெந்தத் தேர்வுகள் எழுதப் போகிறோம், அவற்றின் விண்ணப்பம் எந்த மாதம் வரும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால் போதும்.

பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். எந்தக் குரூப் எடுப்பது?

என்ன படிக்கப் போகிறான் என்று தெரியாதபோது, அதிக வழிகளைத் திறந்துவைக்கும் குரூப்பை எடுப்பது நல்லது. பிளஸ் 2 பாடத்தில் கணிதம் இல்லாவிட்டால் பொறியியலின் பெரும்பாலான பிரிவுகளுக்குப் போக முடியாது. உயிரியல் இல்லாவிட்டால் மருத்துவம், கால்நடை மருத்துவம் போன்றவை இல்லை. கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பில் இரண்டும் திறந்திருக்கும். ஆனால் நான்கு பாடங்களும் கனமானவை. பத்தாம் வகுப்புக் கணிதத்திலேயே திணறியவனை, 'எல்லாம் சரியாகிவிடும்' என்று அதில் தள்ளாதீர்கள்.

வணிகவியல் குரூப்பை மதிப்பெண் குறைந்தவர்களுக்கான இடமாகப் பார்ப்பது இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. பட்டயக் கணக்காளர், சட்டம், பொருளாதாரம், வங்கிப் பணி என்று அதன் பாதை அகலமானது. பட்டயக் கணக்காளர் படிப்பின் அடிப்படைத் தேர்வுக்கு பத்தாம் வகுப்பு முடித்ததுமே பதிவு செய்துகொண்டு, பிளஸ் 2 முடித்தபின் தேர்வு எழுதலாம்.

பாலிடெக்னிக்கையும் மறந்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கையால் வேலை செய்து கற்பதில் நாட்டமுள்ள பிள்ளைக்கு இது நல்ல வழி.

பிளஸ் 1-க்குத்தான் பொதுத்தேர்வு இல்லையே. அந்தப் பாடங்களைக் கவனமாகப் படிக்க வேண்டுமா?

கட்டாயம் படிக்க வேண்டும். 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நீட், ஜே.இ.இ. ஆகியவற்றின் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய பாதி பிளஸ் 1 பாடம். கல்லூரியின் முதல் பருவத்தில் வரும் கணிதமும் இயற்பியலும் அதன்மேல்தான் எழுப்பப்படுகின்றன. பொறியியல் முதல் பருவத்தில் கணிதத்தில் அரியர் வைத்துவிட்டு வந்து நிற்கும் பழைய மாணவர்களிடம் பேசினால், பிளஸ் 1 புத்தகத்தைச் சரியாகத் திறக்கவே இல்லை என்பார்கள்.

பொறியியல் கட் ஆஃப் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

கட் ஆஃப் என்பது தரவரிசைக்கு அடிப்படையாகும் கூட்டு மதிப்பெண். அதை 200-க்குக் கணக்கிடுகிறார்கள். கணித மதிப்பெண் அப்படியே 100-க்கு எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டுத் தலா 50-க்கு வரும். கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 என்றால் 92 + 44 + 45 = 181. தமிழ், ஆங்கில மதிப்பெண்கள் இதில் சேராது. மாநிலப் பொறியியல் நுழைவுத்தேர்வு நீக்கப்பட்ட பிறகு பிளஸ் 2 மதிப்பெண் மட்டும்தான் அடிப்படை.

இந்த 181 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பழைய ஆண்டுப் பட்டியலைப் பார்க்காதீர்கள். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருடைய கட் ஆஃபும் ஏறும். கடினமாக இருந்தால் இறங்கும். தரவரிசை எண்ணை வைத்து ஒப்பிடுவதே சரி: போன ஆண்டு இந்தக் கல்லூரியில், இந்தப் பிரிவில், நம் வகுப்பினருக்கான இடம் எந்தத் தரவரிசை வரை போனது என்று பாருங்கள். பொதுத் தரவரிசை ஒன்று, வகுப்புவாரித் தரவரிசை ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இணையக் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை எப்படி நிரப்புவது?

பிள்ளையின் நான்கு ஆண்டுகள் தீர்மானமாகும் இடம் இதுதான். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையத்தில் நடக்கிறது. தரவரிசைப்படி மாணவர்களைச் சுற்றுகளாகப் பிரித்து அழைப்பார்கள். உங்கள் சுற்று வந்ததும் விருப்பங்களைப் பதிவு செய்யச் சில நாள்களே அவகாசம். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரிக்கு எண் 1. ஒரே கல்லூரியில் மூன்று பிரிவுகளை விரும்பினால் அவை மூன்று தனி விருப்பங்கள். பெயர் ஒன்றுபோல் இருக்கும் கல்லூரிகள் பல இருப்பதால் பெயரை நம்பாமல் எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

கணினி செய்வது எளிய வேலை. உங்கள் முறை வரும்போது பட்டியலின் மேலிருந்து கீழாகப் போகும். காலியாக இருக்கும் முதல் இடத்தை உங்களுக்கு ஒதுக்கிவிட்டு நின்றுவிடும். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. முதலாவது, மிகவும் பிடித்த இடத்தைத் தயங்காமல் முதலில் போடலாம். அது கிடைக்காவிட்டாலும் அடுத்த விருப்பத்துக்கான வாய்ப்பு குறையாது. 'நமக்கெங்கே கிடைக்கப் போகிறது' என்று அண்ணா பல்கலைக்கழக வளாகங்களையும் அரசுக் கல்லூரிகளையும் போடாமலே விடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் தேவையே இல்லை. இரண்டாவது, சேர மனமில்லாத கல்லூரியைப் பட்டியலை நீட்டுவதற்காகக் கீழே போடக் கூடாது. அதுவே ஒதுக்கப்பட்டால் வருந்த நேரிடும்.

பட்டியல் நீளமாக இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு விருப்பங்களோடு நிறுத்தியவர்களுக்கு ஒன்றுமே ஒதுக்கப்படாமல் போவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. சுற்று தொடங்கும் முன்பே, போன ஆண்டு உங்கள் தரவரிசைக்குச் சற்று முன்பே நிரம்பிவிட்ட இடங்கள், அதை ஒட்டி நிரம்பியவை, அதற்கு நன்றாகப் பின்னால் நிரம்பியவை என்று மூன்று வகையாகக் கல்லூரி எண்ணையும் பிரிவையும் நோட்டில் எழுதிவையுங்கள். கணினி மையத்துக்குப் போனால், தட்டச்சு செய்பவரிடம் 'நீங்களே பார்த்துப் போடுங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள். கடவுச்சொல்லும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் உங்களிடமே இருக்கட்டும். அதை வாங்கி, மாணவனுக்குத் தெரியாமலே விருப்பங்களை மாற்றும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். மாவட்டந்தோறும் அரசு அமைக்கும் உதவி மையங்களில் இதே வேலையைக் கட்டணமின்றிச் செய்து தருகிறார்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் தர வேண்டும். இடத்தை ஏற்றுச் சேர்ந்துவிடலாம். அல்லது கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ள இடம் காலியாகுமா என்று காத்திருக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து மேலிடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். பதிலே தராமல் விட்டால் ஒதுக்கிய இடமும் போய்விடும். அந்த நாள்களில் வீட்டில் யாராவது ஒருவர் தினமும் இணையதளத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

ஒரு கல்லூரி நல்ல கல்லூரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளம்பரப் பலகையில் சிரிக்கும் மாணவர்களின் படத்தையும், 'ஆண்டுக்கு இத்தனை லட்சம் சம்பளம்' என்ற வரியையும் தள்ளிவைத்துவிடுங்கள். அந்த லட்சத்தை வாங்கியவர் ஒருவராக இருக்கலாம். சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருப்பவருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால், அவற்றை அந்தப் பட்டியலை வைத்து மட்டும் எடைபோட முடியாது. கல்லூரிக்குத் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி இருக்கிறதா, நீங்கள் சேரவிருக்கும் பிரிவுக்குத் தரத்தை மதிப்பிடும் என்.பி.ஏ.யின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் பிரிவுவாரியாகக் கிடைப்பது. ஒரு பிரிவுக்கு இருப்பதைக் காட்டி மொத்தக் கல்லூரிக்கும் இருப்பதாகப் பேசுவது வழக்கம்.

முடிந்தால் ஒரு வேலைநாளில் நேரில் போய்வாருங்கள். நூலகம் மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கிறது, ஆய்வகத்தில் பிள்ளைகளே கருவியைத் தொட்டுச் செய்கிறார்களா என்று பாருங்கள். வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம் பேச்சுக்கொடுத்தால், அலுவலகத்தில் கிடைக்காத தகவல் எல்லாம் கிடைக்கும்.

பொறியியலும் மருத்துவமும் தவிர வேறு என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆனால் இதைக் கேட்பவர்கள்தான் குறைவு.

அறிவியலில் உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளை, அறிவியல் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான மத்திய அரசின் ஐசர் நிறுவனங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருப்பவை நமக்குப் பக்கம். அதற்கெனத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. கணிதத்தில் மூழ்கிப்போகிறவர்களுக்குச் சென்னையை அடுத்த சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. அதன் தேர்வில் மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. ஒரு கணக்கை மணிக்கணக்கில் விடாமல் யோசிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அந்தத் தேர்வின் பழைய வினாத்தாளை அவன் கையில் கொடுங்கள்.

திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கியூட் தேர்வு எழுதினால் அங்கு மட்டுமல்லாமல் தில்லி, ஐதராபாத், பாண்டிச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். சட்டம் படிக்க இரண்டு வழிகள் உண்டு. திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் எழுத வேண்டும். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் 2 மதிப்பெண்ணே போதும். கப்பல் துறைக்கு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நுழைவுத்தேர்வு நடத்துகிறது. தலைமையிடமே சென்னைதான். கட்டடக்கலைக்கு நாட்டா தேர்வு. ஓவியத்தில் கைதேர்ந்தவர்களுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் உண்டு. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கப்பட்டது.

சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் நடத்தும் இணையவழி பி.எஸ். பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரத் தகுதிப் பாடங்களைப் படித்து, அதற்கான தேர்வில் தேறினால் சேரலாம். வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்க முடியும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. பாடங்களை வீட்டில் படித்தாலும் தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். விளையாட்டாகச் சேர்ந்தால் நிலைக்க முடியாது.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இணையவழி விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்தான். பட்டியலின மாணவர்களுக்கு 2 ரூபாய்தான். தமிழ்நாட்டின் ஆசிரியர்களிலும் அரசு அலுவலர்களிலும் கணிசமானோர் இந்தக் கல்லூரிகளில் படித்து வந்தவர்கள். தனியார் கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் போகும் இடம் என்று இவற்றைத் தாழ்வாகப் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

நுழைவுத்தேர்வுகளைத் தமிழில் எழுத முடியுமா?

நீட், ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு, கியூட் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதலாம். விண்ணப்பிக்கும்போதே மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடக்கிறது. கிளாட் ஆங்கிலத்தில் மட்டும். நீட் தமிழ் வினாத்தாளில் ஆங்கிலக் கேள்வியும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே இறுதி. ஆகவே தமிழ்வழி மாணவர்கள் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

என்னென்ன சான்றிதழ்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும்?

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பொருந்துமானால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாகப் போகும். மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகங்கள் நெரியும். ஜனவரியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். வருமானச் சான்றிதழுக்கு ஓராண்டுதான் ஆயுள் என்பதால் அதை மட்டும் சேர்க்கை நேரத்தில் செல்லுபடியாகும்படி பார்த்து வாங்க வேண்டும்.

பெரும்பாலானோருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. நீட் அகில இந்திய ஒதுக்கீடு, ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கு மத்திய அரசு வடிவத்தில் தனியாக ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வாங்க வேண்டும். வசதி படைத்த பிரிவைச் சேர்ந்தவர் அல்லர் என்று அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். 27 சதவீத இடஒதுக்கீட்டுக்கு உரிமையுள்ள பிள்ளைகள் இந்த ஒரு தாள் இல்லாமல் பொதுப்பிரிவில் போட்டியிட்டுத் தோற்கிறார்கள்.

அடுத்தது இனிஷியல். ஆதாரில் 'முருகன் செல்வி', மதிப்பெண் பட்டியலில் 'செல்வி மு', வங்கிக் கணக்கில் 'எம். செல்வி' என்றிருந்தால் உதவித்தொகை வந்து சேர்வதில் சிக்கல் வரும். பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே எல்லாவற்றையும் திருத்திவிடுங்கள். பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கட்டும். அதில் ஆதார் இணைக்கப்பட்டிருப்பதோடு, அரசுப் பணம் நேரடியாக வரும்படி பதிவாகியும் இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனியாக என்ன உண்டு?

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அப்படித்தான். விண்ணப்பத்தில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பள்ளிகளின் விவரத்தைப் பிழையில்லாமல் நிரப்புவது மிக முக்கியம்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் (2022-இல் தொடங்கியது) மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் (2024) படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை பொருந்தும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகும்.

பிளஸ் 1 படிக்கும்போதே எழுதக்கூடிய தேர்வுகளும் உண்டு. தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் தேர்வாகும் 1,500 பேருக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 1,500 ரூபாய் கிடைக்கும். இதைத் தனியார் பள்ளி மாணவர்களும் எழுதலாம். முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். அதில் தேர்வாகும் 1,000 பேருக்கு இளநிலைப் பட்டம் முடிக்கும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் கிடைக்கும்.

முதல் பட்டதாரிச் சலுகை யாருக்கு?

தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என யாருமே பட்டம் பெறாத குடும்பத்தின் பிள்ளைக்கு. தொழிற்படிப்பில் அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. சான்றிதழோடு மாணவனும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும்.

நாங்கள் ஏழைக் குடும்பம். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. எல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

பட்டியலின, பழங்குடியின, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அங்கே கல்விக் கட்டணம் இல்லை. மற்றவர்களில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் முழு விலக்கு. 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. சுமாரான தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டைவிடத் திருச்சி என்.ஐ.டி. மலிவாக முடியக்கூடும். என்.ஐ.டி. சேர்க்கைக்கு ஜே.இ.இ. தரவரிசையோடு பிளஸ் 2-வில் 75 சதவீத மதிப்பெண்ணோ, வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் இடமோ வேண்டும். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த மதிப்பெண் 65 சதவீதம்.

வேறு என்ன உதவித்தொகைகள் இருக்கின்றன?

மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் வழங்கும் கல்வி உதவித்தொகைகளுக்குக் கல்லூரியில் சேர்ந்ததும் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் பல திட்டங்கள் இருக்கின்றன. பிளஸ் 2-வில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் திட்டம் ஒன்று. பொறியியல் அல்லது டிப்ளமோ சேரும் மாணவிகளுக்கான பிரகதி திட்டத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு இதே தொகையில் சக்ஷம் திட்டம். அடிப்படை அறிவியல் படிக்கப் போகும், வாரியத் தேர்வில் முதல் 1 சதவீதத்தில் வந்த பிள்ளைகளுக்கு இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய்.

அறக்கட்டளைகளில், அரசுப் பள்ளியில் படித்த வறிய மாணவர்களை நேர்காணல் செய்து, வீட்டுக்கே வந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் பலருக்கும் தெரிந்தது. உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

கல்விக் கடன் வாங்கலாமா?

வாங்கலாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு. 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியின் கீழ் அடமானமின்றித் தருகிறார்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது.

ஆண்டுக்கு 1 லட்சமாக நான்கு ஆண்டுகள் கடன் எடுத்து, தனிவட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்குவது ஐந்தாம் ஆண்டு முடிவில். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000. இரண்டாவதற்கு 40,000. மூன்றாவதற்கு 30,000. நான்காவதற்கு 20,000. ஆக, 4 லட்சம் என்று நினைத்த கடன் தவணை தொடங்கும் நாளில் 5,40,000 ரூபாயாக நிற்கும். முதல் ஆண்டில் மாத வட்டி சுமார் 833 ரூபாய்தான். முடிந்தவர்கள் படிக்கும்போதே அதைக் கட்டிவந்தால் இந்தப் பாரம் ஏறாது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் தொழிற்படிப்பு மாணவர்களுக்கு அந்தக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியம் உண்டு. வங்கி தானாகச் சொல்லாது. நீங்கள்தான் கேட்க வேண்டும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கல்லூரி ஒன்றில் இப்போதே முன்பணம் கட்டினால்தான் இடம் என்கிறார்கள். கட்டலாமா?

கலந்தாய்வு முடியும்முன் அவசரப்படாதீர்கள். அதே கல்லூரியில் அதே பிரிவு கலந்தாய்வு வழியாகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கக்கூடும். கலந்தாய்வு இடங்களுக்கான கட்டணத்தை அரசு அமைத்த கட்டண நிர்ணயக் குழு வரையறுக்கிறது. கட்டியே ஆக வேண்டும் என்றால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களை வாங்கிச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்பது விதி. ஏ.ஐ.சி.டி.இ. குறிப்பிடும் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

மகளை வெளியூரில் தங்கிப் படிக்கவைக்கப் பயமாக இருக்கிறது.

அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் 'பக்கத்து ஊர்க் கல்லூரி போதும்' என்று முடித்துவிடும் முன், அவளோடு சேர்ந்து அந்த ஊருக்குப் போய் விடுதியைப் பாருங்கள். காப்பாளரிடம் பேசுங்கள், அங்கிருக்கும் மாணவிகளிடம் சாப்பாடு எப்படி என்று கேளுங்கள். அரசு நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதிகளில் தங்குவதும் உண்பதும் இலவசம். இவற்றுக்கு 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்டது. நல்ல கட் ஆஃப் இருந்தும் வீட்டுக்கு அருகில் என்ற ஒரே காரணத்துக்காகப் பிடிக்காத பிரிவில் சேர்ந்த மாணவிகளின் முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. தம்பிக்கு அந்தக் கட்டுப்பாட்டை அந்த வீடுகள் வைக்கவில்லை.

பிளஸ் 2-வில் தேர்ச்சி பெறவில்லை. ஓர் ஆண்டு வீணா?

இல்லை. ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு நடக்கும். மதிப்பெண் பட்டியலுக்காகக் காத்திராமல், முடிவு வந்த வாரமே பள்ளிக்கு வந்து பதிவு செய்துவிடுங்கள். அதில் தேறியவர்களுக்கென்றே பொறியியலில் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் மீதமுள்ள இடங்களில் சேரலாம். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நடக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்களுக்குப் போனால், கல்லூரி, பாலிடெக்னிக், வங்கி, சான்றிதழ் வழங்கும் அலுவலர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். முகாம் தேதியைப் பள்ளியிலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ கேட்கலாம். 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணிலும் வழிகாட்டுவார்கள். மாணவன் மனம் உடைந்திருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். அந்த நாள்களில் அவனைத் தனியே விடாதீர்கள். பள்ளிக்கு வர அவனுக்குக் கூச்சமாக இருந்தால் பெற்றோர் மட்டும் வந்தாலும் போதும். துணைத்தேர்வுப் பதிவுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் சொல்லி அனுப்புவோம்.